நாயின் ஈறும் நம்மவர் பல்லும்



எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் உண்டு. அதற்கு ஒன்பது வயது நிறைந்த ஆண்டில் அதன் வாய் நாறத் தொடங்கியது. கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பற்களின் அடியில் பழுப்பு நிறக் காரை படிந்திருந்தது. அதையொட்டிய ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே குருதி கசிந்தது. என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கடற்பாசிப் பொடி ஒன்றைப் பற்றிச் சொன்னார். "எல்லாம் இயற்கைதான் சார். சோத்துல அரைக் கரண்டி கலந்து வைங்க. மயக்க ஊசியும் வேணாம், கிளினிக் செலவும் வேணாம்" என்றார். மயக்க ஊசி என்றாலே எனக்கு அச்சம். ஆகவே அவர் சொல் தேனாக இனித்தது. எட்டு மாதம் பொடி கலந்த சோறு போட்டேன். நாற்றம் சற்றுக் குறைந்தாற்போலத் தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டுமென்று நான் விரும்பினேன் என்பதே உண்மை. ஒன்பதாம் மாதம் ஒருநாள் மணி சோற்றுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. விலங்கு மருத்துவர் மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்து பார்த்து, ஏழு பற்களைப் பிடுங்கினார். "காரையச் சுரண்டிட்டு இந்தப் பொடிய ஆரம்பிச்சிருந்தா சரி சார். அழுகின ஈறுக்கு மேலேயே எட்டு மாசம் கொடுத்திருக்கீங்களே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமும் நடத்துபவன் நான். அப்படிப்பட்டவனே இவ்வளவு எளிதாக நம்பியது எதனால் என்ற கேள்வி என்னை விடவில்லை. வாய்நோய்க்கு உணவுத் தட்டில் மருந்து தேடும் இந்த நம்பிக்கை எப்படி வேர்விட்டது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நாயின் பல்லைத் தேடிப் போன எனக்கு அவ்வரலாற்றில் இரண்டு இடங்களில் நம்மவர்களே எதிர்ப்பட்டனர். அதனால்தான் இதைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளத் துணிந்தேன்.

உணவே மருந்து என்பது நமக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளின் மருந்து அதிகாரத்திற் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறது. மேலைநாட்டாரும் ஈறுநோயை உணவோடு இணைத்துப் பார்த்ததற்கு வலுவான காரணம் இருந்தது. நீண்ட கடற்பயணம் செய்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்னும் நோய் வரும்; ஈறு பஞ்சுபோல வீங்கிக் குருதி கொட்டும், பற்கள் ஆடி விழும். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். ஈற்றில் குருதி வந்தால் பழம் கொடு என்ற பாடம் அன்றே மனித மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் நாய்க்கு அப்பாடம் பொருந்தாது. நாயின் கல்லீரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தானே செய்துகொள்கிறது. அவ்வாற்றலை இழந்த சில உயிரினங்களுள் மனிதன் ஒருவன், சீமைப் பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றி இன்னொன்று. நாயின் ஈற்றுக்கென்று நெல்லிப்பொடியும் எலுமிச்சைச் சாறும் வாங்குவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

உணவுக்குறையே நோய்க்குக் காரணமாகலாம் என்பதை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் நம் மலாயாவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் நெஞ்சு நின்றுபோகும். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய சயாம் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை நோய் தாக்கியது. அதே நாட்டில், அதே வெயிலில், அதே வறுமையில் உழைத்த தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தபின் குத்துவதால் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அது வைட்டமின் பி1 என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. பிராடன் தம் கருத்தை 1907இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் அவர் அரிசியில் நஞ்சு இருப்பதாகவே எண்ணினார். சத்து இல்லாமையும் ஒரு நோயை உண்டாக்கும் என்ற எண்ணம் அன்று மருத்துவர் பலருக்கும் வரவில்லை.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 டிசம்பரில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அக்கருத்தைச் சோதித்துப் பார்த்தார். விடுதியில் இருந்தோரை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கும் இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்க் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோய்க்கு ஒருவரும் பலியாகவில்லை. அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஜெலுபுப் பகுதியில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதே சோதனையை இன்னும் கண்டிப்பாகச் செய்து உறுதிப்படுத்தினர். நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டா உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற கதை இது. நம் பிள்ளைகளின் பாடநூலில் நான் இதைக் கண்டதில்லை.

வைட்டமின்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்ட அடுத்த முப்பதாண்டுகளில் ஆய்வகத்து நாய்களுக்கு மூச்சுவிட நேரமிருந்திருக்காது. அந்நாய்களுள் இரு கூட்டத்தாரின் கதை நம் பொருளோடு நேரே தொடர்புடையது.

முதலாவது, கருநாக்கு நோய். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோளமாவையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களைப் பெலாக்ரா என்னும் நோய் வாட்டியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு கலங்கி இறந்தனர். அதே சோளமாவைத் தின்ற நாய்களுக்கு வாய் புண்ணாகி நாக்கு கறுத்தது. ஈறும் உதட்டின் உட்புறமும் அழுகி நாறின. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் கண்டார். மதுவடிக்கப் பயன்படும் ஈஸ்ட் இரண்டையும் குணப்படுத்தியது. 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்தபோது அங்கிருந்த மக்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்ட்டை வழங்கியது. கோல்ட்பெர்கர் 1929இல் மறைந்தார். ஈஸ்ட்டிலிருந்த மருந்துப் பொருள் எதுவென்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று. 1937இல் எல்வெஹ்யெம் என்பவர் கருநாக்கு கண்ட நாய் ஒன்றுக்கு 30 மில்லிகிராம் நிக்கோட்டினிக் அமிலம் கொடுத்தார். சாகக் கிடந்த நாய் எழுந்து தின்னத் தொடங்கியது. நியாசின் என இன்று நாம் சொல்லும் சத்து அதுதான்.

இயற்கை உணவுச் சத்தால் நாயின் வாய்நோய் தீர்ந்தது என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருந்தது. அப்படி ஒரு மருந்தும் இருந்தது. ஆனால் சோளமாவை மட்டுமே தின்று வளரும் நாய்க்குத்தான் அந்நோய் வரும். மீனும் கோழியும் சோறும் தின்னும் மணிக்கு வந்தது வேறு நோய்.

இரண்டாவது, மே மெலன்பி என்ற ஆங்கிலேய அம்மையாரின் நாய்கள். அவர் கணவர் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வைத்துத்தான் எலும்பு வளைநோய்க்கு மருந்து கண்டார். அம்மையாரோ அக்குட்டிகளின் பற்களில் கண்வைத்தார். பல்லின் உறுதிக்கும் ஈற்றின் நலத்துக்கும் குட்டிப் பருவத்து உணவுதான் அடிப்படை என்பது அவர் வாதம். வைட்டமின் ஏ குறைந்த உணவில் வளர்ந்த நாய்களுக்குப் பின்னாளில் ஈறு தடித்துக் கெட்டது என்று எழுதினார். அவருடைய ஆய்வுத் தொகுதிகள் 1929 முதல் 1934 வரை வெளிவந்தன. மீனெண்ணெய்ப் புட்டிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. முதுகில் பெரிய மீனைச் சுமந்து நிற்கும் மனிதர் படம் போட்ட ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டியை நம் வீடுகளில் மறந்தவர் உண்டோ? (அந்த வைட்டமினுக்கு மூலமான கரோட்டின்தான், பிழிந்தவுடன் செக்கச்செவேலென இருக்கும் செம்பனை எண்ணெய்க்கு அந்த நிறத்தைத் தருவது. நம் ஜொகூரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதுதான் நிற்கிறது. சமையலறைக்கு வருவதற்குள் சுத்திகரிப்பு ஆலை அந்நிறத்தையும் சத்தையும் எடுத்துவிடுகிறது.)

மெலன்பி அம்மையார் கண்டது பொய்யன்று. சத்துக் குறைந்தால் ஈறு நலிவடையும். ஆனால் சத்துக் குறையாத நாய்க்கும் ஈறு கெடுகிறதே, அது ஏன்? இக்கேள்விக்கு விடை ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது.

1965இல் ஸ்வீடனில் எகல்பெர்க் என்பவர் நாய்களுக்குக் கடின உணவும் மென்மையான உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். மென்மையான உணவில் பல்லின்மேல் அழுக்குப் படலம் அதிகம் படிந்தது. ஈறும் விரைவில் வீங்கிற்று. பள்ளிக்கு வரும் பல் தாதி பிள்ளைகளின் பல்லில் செந்நிறச் சாயம் தடவிக் காட்டுவாரே, அந்தப் படலந்தான். அது சோற்றுப் பருக்கை அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கட்டிய குடியிருப்பு. எகல்பெர்க் இன்னொரு சோதனையும் செய்தார். உணவு வாயைத் தொடாதவாறு குழாய்வழி நேரே இரைப்பைக்குள் செலுத்தினார். அப்போதும் படலம் படிந்தது. சோறே வாய்க்குள் போகாத நாயின் பல்லிலும் அழுக்கு!

அதே ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பேராசிரியர், தம் பல்மருத்துவ மாணவர்கள் உள்ளிட்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் நல்ல ஈறும் நல்ல உணவும் உடையவர்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. உணவில் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

பின்னர் லோவும் லிண்டே என்ற ஸ்வீடன் நாட்டவரும் மற்றொருவரும் சேர்ந்து பீகிள் இன நாய்களை நான்கு ஆண்டுகள் வளர்த்தனர். ஒரு கூட்டத்துக்கு நாள்தோறும் இருமுறை பல் துலக்கிவிட்டனர். மற்றதை அப்படியே விட்டனர். துலக்கிய நாய்களின் ஈறு நான்காண்டும் நலமாக இருந்தது. துலக்காத நாய்கள் அனைத்துக்கும் ஈறு வீங்கியது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்தது. சிலவற்றுக்கு மட்டும் வீக்கத்தோடு நின்றுவிட்டது. இந்தச் 'சில'வற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1975இல் வெளிவந்த இந்த ஆய்வே இன்று உலகெங்கும் விலங்கு மருத்துவர்கள் நாய்க்குப் பல் துலக்கச் சொல்வதன் அடித்தளம்.

நாய்களை நான்காண்டு பார்க்கலாம். மனிதரை எப்படிப் பார்ப்பது? படித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான்.

ஈறுநோயை யாரும் தலையிட்டு மாற்றாவிட்டால் அது ஒரு மனிதனின் வாழ்நாளில் எவ்வாறு வளரும் என்று லோ அறிய விரும்பினார். 1969இல் ஆஸ்லோ நகரில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் தேர்ந்தெடுத்தார். அவர்கள் பள்ளிப் பருவம் முதல் ஒழுங்கான பல் மருத்துவம் பெற்றவர்கள். அவர்களுக்கு எதிர்முனையில், பல்துலக்கியைக் கண்டிராத, பல் மருத்துவரைப் பார்த்திராத ஒரு கூட்டம் தேவைப்பட்டது. 1970இல் அக்கூட்டம் இலங்கையின் மலையகத்தில் கிடைத்தது. இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்கள். பல்மருத்துவ நூல்கள் அவர்களை 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்று குறிக்கும். அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தோர். நம் பாட்டனாரைக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கிய அதே காலம், அதே பஞ்சம், அதே கங்காணி முறை. இறங்கிய துறைமுகம் மட்டும் வேறு.

ஆய்வறிக்கைகள் அவர்களைப் பற்றிச் சொல்வது இது. உடல் உழைப்பால் உரமேறியவர்கள். உணவு நிலை ஓரளவு நன்று. சொத்தைப்பல் ஏறத்தாழ இல்லை. வெற்றிலை போடும் வழக்கம் பலருக்கு உண்டு. எல்லார் பல்லிலும் அழுக்கும் காரையும் கறையும் திரண்டிருந்தன. அநேகமாக எல்லா ஈறும் வீங்கியிருந்தது. சொத்தை இல்லை, காரை மட்டும் மிகுதி என்பது நாயின் வாய்க்கும் பொருந்தும் வருணனை. நாயின் எச்சில் காரத்தன்மை மிக்கது. அதனால் சொத்தை அரிது, காரை விரைவு. தமிழ்த் தொழிலாளரையும் பீகிள் நாயையும் ஒரே மனிதர் ஒரே பத்தாண்டில் ஒரே கேள்வியோடு நோக்கினார் என்று எண்ணும்போது எனக்கு என்னவோ செய்தது. சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

மருத்துவர்கள் அவர்களிடம் மீண்டும் மீண்டும் வந்தனர். 1985 வரை பதினைந்தாண்டு. அதே ஆண்டுகளில்தான் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். 1985இல் தேடிப் பார்க்கக் கிடைத்தவர் 161 பேர்.

முடிவுகள் 1986இல் வெளிவந்தன. நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் அளவே குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு 4.5 மில்லிமீட்டர். ஆனால் உலகை வியக்கவைத்தது சராசரியன்று. அத்தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே தோட்டத்துச் சோற்றை உண்டவர்கள், ஒரே விதமாகப் பல்லைக் கவனியாதவர்கள். ஆயினும் அவர்களுள் 8 விழுக்காட்டினருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவி 45 வயதுக்குள் பல் முழுவதையும் கொண்டுபோயிற்று. 81 விழுக்காட்டினருக்கு மெல்ல மெல்ல முன்னேறி, அதே வயதில் ஏழு பற்களைக் கொண்டுபோயிற்று. 11 விழுக்காட்டினருக்கோ ஈறு வீங்கியிருந்தும் நோய் அதற்கு மேல் போகவே இல்லை, பல்லும் விழவில்லை.

அந்தப் பதினொரு விழுக்காட்டை நாம் எல்லாரும் அறிவோம். குளுவாங் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில், மேட்டு லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். எழுபது வயதைத் தாண்டியும் கரும்பைப் பல்லால் சீவித் தின்பார். கேட்டால், "உமிக்கரியும் உப்பும்டா. வேற ஒன்னுமில்ல" என்பார். அடுத்த லயத்துப் பாட்டி வெற்றிலையே காரணம் என்பார். நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். அதே உமிக்கரியையும் உப்பையும் தேய்த்துப் பொக்கை வாயான பத்துப் பேர் அதே லயத்தில் இருந்தனர். அவர்களிடம் யாரும் போய்க் காரணம் கேட்டதில்லை. பல் போனவனிடம் பல்லைப் பற்றி யார் கேட்பார்?

நாய்க்கும் இப்படியே. வீங்கிய ஈறோடு நின்றுவிட்ட அந்தச் சில பீகிள்களைப் போல, எதுவும் செய்யாமலே பல் தப்பிக்கும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்நாய்க்கு ஒருவர் தேங்காயெண்ணெய் ஊற்றியிருப்பார், ஒருவர் மஞ்சள் கொடுத்திருப்பார், ஒருவர் வேப்பிலைப் பொடி கலந்திருப்பார். பெருமை முழுவதும் அதற்குப் போய்விடும். 'காட்டில் திரியும் நாய்க்கு யார் பல் துலக்குகிறார்கள்?' என்று கேட்போருக்கும் விடை உண்டு. ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றிலும் ஈறுநோயின் தடத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இயற்கைப் பொடிகள் யாவும் வீண் என்று சொல்ல மாட்டேன். வட அட்லாண்டிக் கரைகளில் விளையும் ஒருவகைப் பழுப்புக் கடற்பாசியைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. (அகார் அகார் காய்ச்சும் நம் வீட்டுக் கடற்பாசி வேறு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) வீட்டில் வளரும் 60 நாய்களுக்கு 90 நாள் பார்த்ததில், அப்பாசியை உண்டவற்றுக்குப் பல்லழுக்கும் காரையும் குறைவாகவே படிந்தன, வாய்நாற்றமும் குறைந்தது. ஆனால் ஆய்வு தொடங்கும் முன்னரே எல்லா நாய்களுக்கும் மருத்துவர்கள் பல்லைச் சுத்தம் செய்துவிட்டனர். மணியின் மருத்துவர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். சுத்தமான பல்லில் புதிய அழுக்குச் சேர்வதை அப்பொடி தாமதப்படுத்தலாம்; ஈற்றுக்கு அடியில் இறுகிப்போன காரையையும் கரைந்துபோன எலும்பையும் ஒரு கரண்டிப் பொடி ஒன்றும் செய்யாது. பாசியில் அயோடின் மிகுதி என்பதால், தைராய்டுக் கோளாறுள்ள நாய்க்கு மருத்துவரைக் கேளாமல் அதைக் கொடுப்பதும் தவறு.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் நாயின்மேல் கொண்ட அன்பால் தங்கள் பற்பசையையே எடுத்து அதற்குத் தேய்த்துவிடுவார்கள். சில பற்பசைகளிலும் இனிப்பு மிட்டாய்களிலும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. மனிதனுக்குத் தீங்கற்ற அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும். சிறிதளவே உயிரைப் பறிக்கும். இதுவும் மரப்பட்டையிலிருந்து எடுக்கக்கூடிய இயற்கைப் பொருள்தான். ஈற்றுக்கு நல்லதென்று பூண்டும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று மாட்டின் கடின எலும்பைப் போடுவோர் பலர். அதைக் கடித்துப் பல் பிளந்த நாய்களே மருத்துவரிடம் வருகின்றன. ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. நாய்க்கென்று விற்கும் பசையும் சிறு தூரிகையும் கிடைத்தால் இன்னும் நன்று. நாள்தோறும் செய்ய வேண்டும் என்பதுதான் கடினம்.

மலையகத்துக்குத் திரும்புவோம். முதல் ஆய்வு நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2010இல், ஆய்வாளர்கள் மீண்டும் அத்தோட்டத்தாரைத் தேடிச் சென்றனர். 480 பேரில் 75 முதியவர்கள் கிடைத்தனர். சராசரியாக ஒவ்வொருவரும் 13 பற்களை இழந்திருந்தனர். 12 பேருக்கு ஒரு பல்கூட இல்லை. நால்வருக்கு மட்டும் பல்லின் பிடிமானம் குறையவே இல்லை.

ஆய்வாளர்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. பல் மருத்துவம் அத்தோட்டங்களுக்கு எட்டாமற் போனது அவர்கள் செய்த செயலன்று. எட்டாததைக் கண்டுதான் அவர்கள் அங்கே போனார்கள். ஈறுநோய் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை என்று உலகம் அறிந்ததும், இன்று யாருக்கு முன்கூட்டியே மருத்துவம் வேண்டும் என்று மருத்துவர் சிந்திப்பதும் அம்மனிதர்கள் நாற்பதாண்டு வாயைத் திறந்து காட்டியதால்தான். ஆயினும், துலக்கினால் பல் நிற்கும் என்பது 1965இலேயே தெரிந்திருந்தது. அவர்களை முதன்முதலில் பரிசோதித்தது 1970இல். இடையிலுள்ள அந்த ஐந்து ஆண்டுகளை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பள்ளிகளுக்கான பல் தாதிகளைப் பயிற்றுவிக்கும் பணி நம் நாட்டில் 1949இல் பினாங்கில் தொடங்கியது. அப்படிப் பயின்ற ஒருவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்து என் பல்லைப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் அனைவரும் அழுதோம். என் தந்தையார் பால் வெட்டிய காலத்தில் அவர் வாயை யாரும் பார்த்ததில்லை. பல்வலி வந்தால் தோட்டத்து டிரெசரிடம் போவார்கள். குறடு ஒன்று இருந்தது.

இப்போது நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு மணியை முன்கட்டில் உட்காரவைத்துத் துலக்குகிறேன். தலையை ஆட்டும், உறுமும், பின்பு பசையின் கோழிச் சுவைக்காகப் பொறுத்துக்கொள்ளும். மீதமுள்ள பற்கள் ஆடாமல் நிற்கின்றன. கடற்பாசிப் பொடியும் சோற்றில் போகிறது, வாங்கிவைத்தது தீரட்டும். என் தந்தையார் அருகே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. சென்ற வாரம் ஒருநாள், கழற்றிவைத்த பல் செட்டைக் கையில் பிடித்தபடி, "எங்களுக்கு இப்படி யாருடா வெளக்கி விட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மணியின் வாலை மிதித்துவிடாமல் எழுந்து, பல் செட்டைக் கழுவிவைக்க உள்ளே போனார்.